ஒரொஸ்: மலையா, மலைசார்ந்த நிலமா?



'மலைப்பிரசங்கம்' என்னும் தொடரைக் கேள்வியுறாதவர் நம்மிடையே அரியர். கிறித்தவர் அல்லாத என் போன்றோரும் காந்தியடிகள் வாயிலாக அதனை அறிந்துள்ளோம். ஆயின் அந்த மலை எத்தகைய மலை என்று வினவியோர் சிலரே. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் என்னை மறித்தான். "சேர், மத்தேயு மலையில பேசினார் எண்டு சொல்லுது. லூக்கா சமதரையில எண்டு சொல்லுது. ரெண்டில ஒண்டு பிழைதானே?" என்றான். நான் வேதாகமம் கற்பிப்பவன் அல்லேன். ஆயினும் வினா ஒரு சொல்லைப் பற்றியதாகையால் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

மத்தேயு 5ஆம் அதிகாரத் தொடக்கத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'ஒரொஸ்' என்பது. அகராதியைப் புரட்டினால் மலை என்றே பொருள் காண்போம். ஆனால் நிலத்தைப் பார்த்தால் ஐயம் பிறக்கிறது. கலிலேயாக் கடல் என்னும் நன்னீரேரி கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 210 மீற்றர் கீழே கிடப்பது. அதன் வடமேற்குக் கரையில், இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பார்லுட்சி வடிவமைத்து 1938இல் நிறைவுற்ற தேவாலயம் நிற்கும் மேட்டையே மரபு வழியாக அம்மலை என்று காட்டுகின்றனர். அதன் உச்சியும் கடல் மட்டத்திற்குக் கீழேதான்! பிதுருதலாகலையை மனத்திற் கொண்டு அங்கே செல்பவர் ஏமாறுவர்.

இச்சொல்லின் வரலாறு எபிரேய மொழியிலிருந்து தொடங்குகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதலாக எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், 'ஹர்' என்ற சொல்லுக்கு ஒரொஸ் என்று எழுதினர். ஹர் என்பது தனிச் சிகரத்தையும் குறிக்கும். எப்பிராயீமின் ஹர் என்னும்போது ஊர்களும் வயல்களும் அடங்கிய மேட்டுநிலம் முழுவதையும் குறிக்கும். அப்பொருள் ஒரொஸிலும் வந்து ஏறிக்கொண்டது. சிறு குன்றுக்கு 'பூனொஸ்' என்ற வேறொரு சொல் கிரேக்கத்தில் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. லூக்கா 3ஆம் அதிகாரத்தில் இரண்டும் அருகருகே வருகின்றன.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் ஏரிக்கு மேலான சரிவிலே பன்றிகள் மேய்கின்றன, அதுவும் ஒரொஸ்தான். இன்னும் சுவையான சான்று காணாமற்போன ஆட்டின் கதை. மேய்ப்பன் மற்றைய 99 ஆடுகளையும் 'ஒரொஸ்களில்' விட்டுச் சென்றான் என்கிறார் மத்தேயு. அதே கதையை லூக்கா கூறும்போது அவற்றை வனாந்தரத்தில் விட்டான் என்கிறார். உழுபடாத மேய்ச்சல் மேடு ஒருவருக்கு மலை, மற்றவருக்கு வனாந்தரம். எகிப்து நாட்டிலோ நைல் நதியின் வயல்களுக்கு அப்பால் உயரும் பாலை நிலத்தையே கிரேக்கம் எழுதியோர் ஒரொஸ் என்றனர். பாப்பிரசு ஏடுகள் இதற்குச் சான்று.

தமிழ் மாணவனுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. குறிஞ்சிக்கு நாம் கூறும் 'மலையும் மலைசார்ந்த இடமும்' என்ற விளக்கம், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஒரொஸுக்குப் பொருந்துகிறது. மற்றொன்று: மூச்சொலியை மாற்றி 'ஹொரொஸ்' என்றால் கிரேக்கத்தில் எல்லை என்று பொருள். நம் 'வரை' என்னும் சொல்லும் மலையையும் எல்லையையும் குறிப்பது. இதனைக் கொண்டு இருமொழி உறவு பேசப் புகுவோர் சற்றுப் பொறுக்க. இது தற்செயல் ஒப்புமையே.

அப்படியாயின் மத்தேயுவில் 'மேட்டுநிலம்' என்று பெயர்த்துவிடலாமா? அண்மைக்கால ஆங்கிலப் பெயர்ப்புகள் சில மலைச்சரிவு என்றே எழுதியுள்ளன. நிலநூல் நோக்கில் அது சரி. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. 'மலைமேல் ஏறினார்' என்பதற்கு மத்தேயு எழுதும் அதே கிரேக்கச் சொற்கள், யாத்திராகமத்தில் மோசே சீனாய் ஏறும்போது திரும்பத் திரும்ப வருவன. கட்டளை பெற ஒருவர் ஏறினார். கட்டளைக்கு விளக்கம் தர மற்றவர் ஏறி அமர்ந்தார். யூத வாசகர் செவியில் இது உடனே ஒலித்திருக்கும். சரிவு என்று எழுதினால் நிலம் கிடைக்கும், மோசே போய்விடுவார். இன்று வழங்கும் தமிழ் வேதாகமம் இங்கே 'மலை' என்றும், லூக்காவில் மரியாள் எலிசபெத்தைக் காணச் செல்லுமிடத்தை 'மலைநாடு' என்றும் பிரித்துக் கூறுவது நன்று.

சைவனுக்கு இந்த ஆராய்ச்சி ஏன் என்று கேட்போர், 1850இல் வெளிவந்த வேதாகமப் பெயர்ப்புக்காகப் பேர்சிவல் பாதிரியாரோடு யாழ்ப்பாணத்தில் உழைத்த ஆறுமுக நாவலரை நினைப்பாராக.

மாணவனுக்கு லூக்கா 6ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினேன். அங்கும் இயேசு இரவு முழுவதும் ஒரொஸில் செபித்து, விடிந்தபின் இறங்கிச் சமமான ஓரிடத்தில் நிற்கிறார். மேட்டுநிலத்தில் சமதரை இருப்பது இயல்பே. ஆயினும் இரு நூல்களும் இதனால் ஒன்றாகிவிட்டன என்று நான் கூறவில்லை. மத்தேயுவின் பேச்சு 3 அதிகாரங்கள். லூக்காவினது 30 வசனங்கள். ஒருவர் அமர்ந்து பேசுகிறார், மற்றவர் நூலில் அவர் நிற்கிறார். "அப்ப பிழை இல்லை, ஆனா ஒண்டும் இல்லை," என்றான் அவன். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

பின்னர் மத்தேயுவின் கடைசி அதிகாரத்தைத் தானே புரட்டி, சீடர் பதினொருவரும் கலிலேயாவில் ஒரு மலைக்குப் போனதைக் காட்டி, அது எந்த மலை என்று கேட்டான். அங்கும் ஒரொஸ் என்றே இருக்கிறது. பெயர் கூறப்படவில்லை.