துப்பாக்கி சுடும் போட்டிகளில் மதிப்பெண்

துப்பாக்கி சுடும் போட்டிகளின் மதிப்பெண் முறைகள் இரு வகைப்படும். சென்னை எழும்பூர் ரைஃபிள் கிளப்பில் பழகுவோருக்கு அறிமுகமான ஏர் ரைஃபிள் போட்டியில் துல்லியம் மட்டுமே கணக்கில் வரும். 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் அமைப்பாக உருப்பெற்ற பிராக்டிகல் ஷூட்டிங்கிலோ துல்லியத்தோடு நேரமும் சேரும்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 600க்கு 598 எடுத்தார். தசமப் புள்ளிகள் இறுதிச் சுற்றுக்கு மட்டுமே இருந்த காலம் அது. இறுதிச் சுற்றில் நரங் எடுத்தது 103.1, தங்கம் வென்ற ருமேனியாவின் மோல்டோவியானுவும் அதே 103.1தான். தகுதிச் சுற்றில் மோல்டோவியானு 599 எடுத்திருந்ததால் இரு சுற்றும் சேர்த்து அவருக்கு 702.1, நரங்குக்கு 701.1, வெண்கலம். பதக்கத்தின் நிறத்தை மாற்றியது அந்த ஒற்றைப் புள்ளி. 2013இல் விதி மாறியது: தகுதிச் சுற்றிலும் தசமக் கணக்கு வந்தது, இறுதிச் சுற்று பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸில் 630.7 எடுத்தார், குண்டுக்குச் சராசரி 10.5. அப்படியும் பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர்தான்.

பிராக்டிகல் ஷூட்டிங்கின் இலக்கு அட்டையில் ஏ பகுதிக்கு 5 புள்ளி. சி, டி பகுதிகளுக்கு முறையே 3, 1. வேகமும் எடையும் கூடிய குண்டுகளைச் சுடுவோருக்கு அவை 4, 2 ஆகும். குண்டு தவறினால் 10 கழியும். சுடக்கூடாத அட்டையில் பட்டாலும் அப்படியே. மொத்தப் புள்ளியை விநாடிகளால் வகுத்தால் வருவது ‘ஹிட் ஃபாக்டர்’.

போட்டியின் ஒரு கட்டத்தில் 12 குண்டுகள், உச்சம் 60 புள்ளி என்று கொள்வோம். ஒருவர் எல்லாவற்றையும் ஏ பகுதியில் சுட்டு 10 விநாடியில் முடித்தால் 6.0. இன்னொருவர் பத்து ஏ, இரண்டு சி, அதாவது 56 புள்ளியை 8 விநாடியில் எடுத்தால் 7.0. வென்றவர் இரண்டாமவர், கட்டத்தின் 60 புள்ளியும் அவருக்கே. முதலாமவருக்கு ஹிட் ஃபாக்டர் விகிதப்படி அதில் ஏழில் ஆறு பங்கு, 51.43. பிசகில்லாமல் சுட்டவர் பின்தங்குவது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் தயங்கி நின்ற விநாடிக்கும் விலை வைப்பதுதான் இந்தப் போட்டியின் உயிர்.

உடன் போட்டியிட்டவர்களின் திறனைப் பொறுத்தே இந்தப் புள்ளி அமைவதால், வெவ்வேறு போட்டிகளின் புள்ளிகளை ஒப்பிட முடியாது. ஒருவர் தன் வளர்ச்சியை அளக்க, ஒரே பயிற்சியைத் திரும்பச் சுட்டு ஹிட் ஃபாக்டரைக் குறித்து வைப்பதே சரியான வழி. 630.7 போன்ற எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த ஊரில் எடுத்தாலும் அதன் பொருள் ஒன்றே.