ஹலோ... யார் பேசறது?

மொட்டைக் கடுதாசி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ! அந்தக் காலத்தில் அதற்கென்றே ஒரு தனி இலக்கணம் உண்டு. வலதுகைக்காரர் இடது கையால் எழுதுவார். அனுப்புநர் முகவரி காலி. சிங்கம்புணரியில் இருக்கிற ஆசாமி அதை சிங்கம்புணரி தபால் பெட்டியில் போடவே மாட்டார். பஸ் ஏறி மதுரைக்குப் போய், ரயில்வே ஸ்டேஷன் பெட்டியில் போட்டுவிட்டு, கையோடு ஒரு சினிமாவும் பார்த்துவிட்டுத் திரும்புவார். எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? கவர் மேல் குத்துகிற தபால் முத்திரை ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா!

செல்போன் திரையில் மின்னுகிற பத்து இலக்க நம்பருக்கு அந்தத் தபால் முத்திரைதான் தாத்தா. நம்பரை மறைத்துக்கொண்டு போன் பண்ணுகிறவர், மதுரைக்கு பஸ் ஏறினவரின் பேரன்.

வெள்ளைக்காரன் இந்த ஆசாமிகளை நன்றாகவே புரிந்துவைத்திருந்தான். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 507 என்று ஒரு பிரிவு. ஒருவரை மிரட்டினால் அதற்கொரு தண்டனை. பேரை ஒளித்துக்கொண்டோ, மிரட்டல் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்க முன்ஜாக்கிரதை எடுத்துக்கொண்டோ மிரட்டினால், அதற்கு மேல் இரண்டு வருஷம் வரை கூடுதல் சிறை. மறைந்திருந்து அடித்தால் ரேட்டே வேறு! கிரகாம் பெல் டெலிபோனுக்கு பேடன்ட் வாங்கியது 1876-ல்தான். ஆக, போனுக்குப் பதினாறு வயது மூத்த சட்டம் இது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 351-வது பிரிவுக்குள் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, டெலிபோனுக்கு வருவோம். நம்பரை மறைப்பது என்பதே பிற்காலத்துப் பேச்சு. ஏறக்குறைய நூறு வருஷம் எல்லாருடைய நம்பரும் தானாகவே மறைந்துதான் இருந்தது. 1882-ல் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். மணி அடிக்கும், எடுப்பார்கள், 'யார் பேசறது?' என்பார்கள். எதிராளி சொன்னால் உண்டு.

ஆனால், ஒரே ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஆபரேட்டர்! யார் யாரைக் கூப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரியாமல் நடக்காது. சின்ன ஊர் என்றால் கேட்கவே வேண்டாம், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். இந்த ஆபரேட்டரை நடுவிலிருந்து தூக்கியவர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துகொண்டிருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரவேண்டிய கிராக்கிகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்கு சந்தேகமாம். தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் பேடன்ட் வாங்கினார். எழவு வீட்டு வியாபாரத்தில் வந்த போட்டி, உலகத்துக்கே டயலைக் கொடுத்தது. கூடவே முகமே இல்லாத அழைப்பையும் கொடுத்தது.

அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று நம்ம நாட்டில் ஒருவர் காட்டினார். 1971 மே 24. டெல்லி பார்லிமென்ட் தெரு ஸ்டேட் பேங்க். தலைமை கேஷியர் மல்ஹோத்ராவுக்கு ஒரு போன். பிரதமரின் செயலாளர் ஹக்சர் பேசுவதாக ஒரு குரல். அடுத்து இந்திரா காந்தியின் குரல் மாதிரியே இன்னொரு குரல். வங்கதேச விவகாரமாக ஒரு ரகசிய வேலை, அறுபது லட்சம் ரூபாய் வேண்டும், அடையாள வார்த்தை சொல்லும் ஆளிடம் கொடுங்கள். மனிதர் பெட்டியில் பணத்தை வைத்து, பேங்க் காரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்! ரசீது வாங்கப் போன இடத்தில்தான் அப்படி யாருமே பேசவில்லை என்று தெரிந்தது. ராணுவத்தில் கேப்டனாக இருந்த நகர்வாலா அன்றைக்கே பிடிபட்டார், பணமும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. நாலு வருஷம் தண்டனை. 1972 மார்ச்சில் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். ஜனதா ஆட்சி வந்ததும் ஜகன்மோகன் ரெட்டி கமிஷன் போட்டுத் தோண்டினார்கள். சந்தேகங்கள் முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாமல் அறுபது ரூபாய் எடுத்தாலே ஆடிட்டர் முறைப்பார் என்பது எனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். இங்கே அறுபது லட்சத்துக்கும் ஒரே வவுச்சர், காதில் விழுந்த குரல்தான். அந்த போன் எங்கிருந்து வந்தது என்று பார்க்க மல்ஹோத்ராவிடம் எந்த வழியும் கிடையாது. போலீஸே கண்டுபிடிக்கவேண்டும் என்றாலும், லைன் கட் ஆகாமல் இருக்கவேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஊழியர் ஸ்விட்ச் ஸ்விட்சாகப் பின்னோக்கிப் போய்த் தேடுவார். பழைய சினிமாவில் 'பேசிக்கிட்டே இரு, வெச்சுடாதே' என்று இன்ஸ்பெக்டர் சைகை காட்டுவாரே, அதெல்லாம் இதற்குத்தான்.

கூப்பிடுகிறவர் நம்பரை மின்சாரக் குறிகளாக அனுப்பும் யோசனையை 1960-களின் கடைசியில் தொடங்கி வளர்த்தவர் கிரேக்கரான தியோடர் பராஸ்கேவகோஸ். 1976-ல் ஜப்பானின் கசுவோ ஹஷிமோட்டோ நம்பர் காட்டும் கருவியைச் செய்துகாட்டினார். 1987-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் இதை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

வந்ததும் பிடித்தது பெரிய சண்டை. ஆபாசமாகப் பேசி வதைக்கிறவர்களிடமிருந்து பெண்களைக் காப்பாற்றும் கருவி இது என்றது போன் கம்பெனி. நியாயம்தான். ஆனால், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பித்துக் காப்பகத்தில் ஒளிந்திருக்கிற பெண், 'பிள்ளைகள் சௌக்கியமா?' என்று வீட்டுக்கு ஒரு போன் பண்ணினால்? அவள் இருக்கிற இடத்தை இதே கருவி காட்டிக்கொடுத்துவிடுமே! பென்சில்வேனியாவில் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 1990-ல் நீதிமன்றம், இது மாநிலத்தின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1992-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கடைசியில் 1995-ல் நாடு முழுவதற்கும் ஒரு விதி வந்தது. ஸ்டார், ஆறு, ஏழு என்று தட்டிவிட்டு டயல் செய்தால், அந்த ஒரு அழைப்புக்கு நம்பர் தெரியாது. யாரும் செய்யலாம், காசு கிடையாது.

இந்தச் சண்டை அங்கே நடந்த காலத்தில் நம்ம ஊரில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்களின் ராஜ்ஜியம். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர், கட்டணம் குறையும் நேரத்துக்காக ராத்திரியில் கியூ. சிங்கம்புணரியின் கயிறு வியாபாரி சரக்குக்குச் சொல்வதும் அங்கேதான், சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் அம்மா அழுவதும் அங்கேதான், வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பவர் கிசுகிசுப்பதும் அங்கேதான். பிறகு பெட்டிக்கடை வாசலில் ஒத்த ரூபா காயின் பாக்ஸ் வந்தது. எதிராளியின் திரையில் நம்பர் விழுந்தாலும் அது கடைக்காரர் நம்பர். திருப்பிக் கூப்பிட்டால், '04577 சிங்கம்புணரிங்க, இது மளிகைக் கடை' என்று பதில் வரும். மறைந்துகொள்ள ஒரு ரூபாய் போதும்!

எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் அந்த ஒரு ரூபாய் மறைவு போயிற்று. செல்போனிலும் நம்பரை மறைக்கும் வசதி உண்டு, சி.எல்.ஐ.ஆர். என்பார்கள். உங்கள் போனின் செட்டிங்ஸிலேயே 'நம்பரை மறை' என்கிற மாதிரி ஒன்று இருக்கும். அமுக்கிப் பாருங்கள், நம்ம ஊர் சிம்மில் பெரும்பாலும் பலிக்காது. உளவுத்துறை அதிகாரிகள், தேர்ந்தெடுத்த சில முக்கியஸ்தர்கள், இப்படிச் சிலருக்குத்தான் அது. சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது, டெலிமார்க்கெட்டிங்காரர்களுக்கும் கிடையாது. வாங்கியவர்களின் பட்டியலையும் அரசு அமைப்புகள் பார்க்கும்படி கம்பெனி வைத்திருக்கவேண்டும்.

பாதுகாப்புக்காக என்கிறார்கள். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இந்த வசதியில் நம்பர் அழிந்துபோவதில்லை. 'எதிராளிக்குக் காட்டாதே' என்று ஒரு குறிப்பைச் சுமந்துகொண்டு கூடவேதான் பயணம் செய்கிறது. கம்பெனிக்குத் தெரியும், போலீஸ் கேட்டால் கிடைக்கும். மறைப்பது எதிராளியிடமிருந்து மட்டும்தான். அந்த எதிராளிக்குப் பயப்படவேண்டிய அவசியம் முக்கியஸ்தருக்கு அதிகமா, பழைய புருஷனிடம் ஜீவனாம்சம் கேட்டுப் பேசவேண்டிய பெண்ணுக்கு அதிகமா? டாக்ஸி ஆப்களைப் பாருங்கள், நடுவில் வேறொரு நம்பரைக் காட்டி, டிரைவர் நம்பரும் பயணி நம்பரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பேசவைக்கின்றன. கம்பெனிக்காரர்களால் முடிகிறது.

மோசடிக்காரர்களுக்கோ இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் நம்பரை மறைப்பதில்லை, பொய் நம்பரைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய நம்பர் மாதிரி விழவைத்து, 'சி.பி.ஐ.யிலிருந்து பேசறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்' என்பார்கள். நகர்வாலாவின் வாரிசுகள்! 2024 அக்டோபரில் இதைத் தடுக்க மத்திய அரசு ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் தடுத்த போலி அழைப்புகள் சுமார் 1.35 கோடி என்று அரசே சொன்னது. அடையாளத்தைத் திருத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம் என்று 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டமும் சொல்கிறது.

அடுத்த கட்டமாக, நம்பரோடு பெயரையும் திரையில் காட்டலாம் என்று 2024 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. சிம் வாங்கும்போது எழுதிக்கொடுத்த பெயர். மோசடியைத் தடுக்க நல்லதுதான். ஆனால், கேஸ் ஏஜென்சிக்கு போன் பண்ணுகிற பெண்ணின் பெயரும் அங்கே தெரியும். சி.எல்.ஐ.ஆர். வாங்கியிருக்கிற முக்கியஸ்தர்களின் பெயர் மட்டும் தெரியக் கூடாது என்பதை 2025 அக்டோபரில் டிராயும் ஏற்றுக்கொண்டது.

வெறும் நம்பர்தானே, தெரிந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017 பிப்ரவரியில் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளுக்கு வரும் பெண்களின் நம்பர்களை விற்றிருக்கிறார்கள். சாதாரணமாக இருந்தால் ஐம்பது ரூபாய், அழகாக இருந்தால் ஐந்நூறு! வாங்கியவன் ராத்திரியில் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பான். 2018-ல் வோடபோன் 'சகி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடையில் சொல்வதற்கென்றே பத்து இலக்கத்தில் ஒரு மாற்று நம்பர், ரீசார்ஜ் மட்டும் நிஜ நம்பருக்குப் போய்ச் சேரும்.

ஸ்மார்ட்போன் இருப்பவர்கள் இப்போது வீட்டிலிருந்தே ரீசார்ஜ் செய்துகொள்கிறார்கள். பட்டன் போன் வைத்திருக்கிற பெண்கள் கயிறு திரிக்கும் வேலை முடிந்து வருகிற வழியில், கடைக்காரரிடம் தங்கள் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்கிறார்கள், பின்னால் நிற்கிற நாலு பேர் காதிலும் விழுகிற மாதிரி.