தோட்டத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ச் சபைகளின் நற்செய்தித் திட்டமிடல்

நற்செய்திப் பணிக்கெனத் திருச்சபை அமைக்கும் எந்த ஆணைக்குழுவும் முதலில் விடை காண வேண்டியது, மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்குத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த விடை தலைமுறைக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. ரப்பர்த் தோட்டம் ஒரு முறையும், அவசரகால ஆட்சி ஒரு முறையும், மின்னணுத் தொழிற்சாலை ஒரு முறையும் மக்களை இடம் பெயர்த்தன. பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய சுங்கை வே இந்த மாற்றங்களைத் தன் மண்ணிலேயே சுமந்த ஊர். சுற்றிலும் ஈயமும் ரப்பரும் இருந்த காலம், முள்வேலிக்குள் அடைத்த புதுக்கிராமத்தின் காலம், சுதந்திர வாணிப வட்டாரத்தின் காலம் ஆகிய மூன்றையும் அது கண்டது. சபைகளின் திட்டங்கள் இந்த நகர்வுகளுக்குப் பின்னால் எவ்வளவு தொலைவில் வந்தன என்பதை வைத்தே அவற்றின் வெற்றியையும் தோல்வியையும் அளக்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத் தமிழரிடையே திட்டமிட்ட ஊழியத்துக்கு முன்மாதிரி இலங்கையில் உருவானது. 1850களின் நடுவில் மலையகத்துக் காப்பித் தோட்டங்களில் சர்ச் மிஷன் சங்கத்தார் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலி உபதேசியார்களைத் துரைமார் சிலரின் பொருளுதவியோடு தோட்டம் தோட்டமாக அனுப்பியது. அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. உபதேசியாரின் சம்பளத்தில் துரைக்குப் பங்கு இருந்தால், லயத்தில் குடியிருப்பவர் அவரை யாருடைய ஆளாகப் பார்ப்பார்? மலாயாவில் தோட்ட ஊழியம் செய்தவர்களும் இதே கேள்வியைச் சந்திக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்குள் கால்வைக்கவே நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலையில், திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் வாசற்சாவி வேறொருவர் கையில் இருந்தது.

மலாயாவின் மெதடிஸ்த் பணி 1885இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து கிழக்கே விரிந்த பணியாதலால் தமிழரிடையே ஊழியம் அதன் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது. கோலாலம்பூரில் தமிழ்ச் சபையை வளர்த்தவர்களுள் இலங்கையிலிருந்து வந்த போதகர் எஸ். ஆபிரகாம் முக்கியமானவர். லுத்தரன் சபை வேறு வழியில் வந்தது. தரங்கம்பாடி மரபில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்தன. மேய்ப்பர் அவர்களைத் தேடிப் பின்னர் வந்தார். 1907ஐத் தன் பணியின் தொடக்கமாகக் கொள்ளும் அச்சபை, 1963இல் மலாயாவின் சுயாதீனத் திருச்சபையானது. பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் ஆலயம் இன்றும் அதன் அடையாளம்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பு இருந்ததால் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் அங்கே திரண்டனர். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், லுத்தரன், சிரியன் ஆர்த்தடாக்ஸ் எனப் பல மரபுகளின் ஆலயங்கள் நடக்கும் தொலைவில் அமைந்தன. வருவாய் நிலையானது, கல்வி ஆங்கிலத்தில், வீடு ஆலயத்துக்கு அருகில்: இத்தகைய குடும்பங்களைக் கொண்டு சபைக் கணக்கை நடத்துவது எளிது. சிலாங்கூரின் தோட்டங்களில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலை நேர்மாறு. அவர்கள் உபதேசியார் வரும் நாளில் மட்டும் சபையாக இருந்தார்கள். திட்டமிடும் குழுக்களில் முதல் வகையினர் அமர்ந்தனர். திட்டம் தீட்டப்பட்டதோ பெரும்பாலும் இரண்டாம் வகையினருக்காக. இந்த இடைவெளியைக் காணாமல் தமிழ்ச் சபைகளின் வரலாற்றை எழுத முடியாது என்றே நினைக்கிறேன்.

1950களில் நிகழ்ந்ததை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வந்த அவசரகால ஆட்சியில், பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் 1950 முதல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், கிட்டத்தட்ட 480 புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டனர். சுங்கை வே அவற்றுள் ஒன்று. அதே ஆண்டுகளில் சீனாவிலிருந்து மிஷனரிகள் வெளியேற்றப்பட்டனர். சீன மொழி அறிந்த ஊழியர்கள் வேலையின்றி இருந்தனர்; சீனம் பேசும் மக்கள் ஒரே இடத்தில் வேலிக்குள் இருந்தனர். 1952இல் உயர் ஆணையராக வந்த ஜெரால்டு டெம்ப்ளர் மிஷன் சங்கங்களின் உதவியை வரவேற்றார். 1948இல் உருவான மலாயா கிறிஸ்தவப் பேரவை, எந்தச் சபை எந்தக் கிராமத்தில் பணி செய்வது என்பதை ஒருங்கிணைக்க முயன்றது. மருந்தகம், பாலர் பள்ளி, வீடு சந்திப்பு, வழிபாடு என அடுத்தடுத்து நகரும் பணிமுறை அங்கே பழக்கமானது. மலாயாவின் திருச்சபைகள் கூடித் திட்டமிட்ட முதல் பெரும் நற்செய்தி முயற்சி இதுவே என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தத் திட்டத்தில் தோட்டத் தமிழர் எங்கே இருந்தனர்? அவர்களும் அவசரகாலத்தில் வேலிக்குள் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்களுக்குள்ளேயே லயங்களை ஓரிடத்தில் திரட்டிக் காவல் போட்டது அரசு. ஆனால் வந்திறங்கிய மிஷனரிகளின் மொழி சீனம். அரசின் கவலையும் சீனக் குடியேறிகளைப் பற்றியதே. ஆள், பணம், அரசின் ஆதரவு மூன்றும் ஒரு பக்கம் பாய்ந்தபோது, தமிழ்ச் சபைகள் தங்கள் சில போதகர்களையும் உபதேசியார்களையும் கொண்டே தோட்டங்களைச் சுற்றிவர வேண்டியிருந்தது. யாரும் தமிழரை ஒதுக்க முடிவு செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் வளத்தை நம்பி வகுக்கும் திட்டம், வளம் தருபவரின் வரைபடத்தையும் தன்னோடு கொண்டுவருகிறது. சுங்கை வேயில் ஒரே சாலையின் ஒருபுறம் திட்டத்துக்கு உட்பட்ட கிராமமும், சற்றுத் தள்ளித் திட்டத்துக்கு வெளியே இருந்த பால்மரத் தோட்டங்களும் அருகருகே இருந்தன.

1957இல் வந்த கூட்டரசு அரசியலமைப்பு திட்டமிடலின் எல்லைகளை வரைந்தது. 11ஆம் விதி சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதன் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. சிலாங்கூர் 1988இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து அயல்நாட்டு மிஷனரிகள் 10 ஆண்டுகளுக்கு மேல் தங்கும் வாய்ப்பு குறுகியது. எனவே ஆணைக்குழுக்களின் முன்னே இரு உண்மைகள் நின்றன: யாரிடம் போகலாம் என்பது வரையறுக்கப்பட்டுவிட்டது; போகிறவர் உள்நாட்டவராகவே இருக்க வேண்டும். மெதடிஸ்த் திருச்சபை 1968இல் தன்னாட்சி பெற்று, தமிழ் ஆண்டு மாநாடு தன் பணியைத் தானே வகுக்கும் அமைப்பாக நின்றதும், மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கரும் லுத்தரன் சபையாரும் சேர்ந்து 1979இல் கோலாலம்பூரில் மலேசிய இறையியல் கல்லூரியைத் தொடங்கியதும் இந்தச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

இதே நெருக்கடிக்குக் கத்தோலிக்கத் திருச்சபை தந்த பதில் என்னை மிகவும் ஈர்க்கிறது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் தங்கள் பங்குகளை விட்டு ஒரு மாதம் ஒன்றாகக் கூடினர். அப்போது கோலாலம்பூர்ப் பேராயர் டொமினிக் வெண்டர்கான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் உணர்வை உள்நாட்டில் நடைமுறைப்படுத்துவது எப்படி என்பதே பொருள். குருக்கள் இல்லாத அந்த மாதம் பொதுநிலையினருக்கும் ஒரு பயிற்சியாக அமைந்தது. கூட்டம் தேர்ந்த முதன்மையான வழி, அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள். தமிழ்நாட்டில் அன்பியங்கள் என்று அறியப்படுபவை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடி மறைநூல் வாசிப்பதும், நோயுற்றவரைப் பார்ப்பதும், வேலை இழந்தவருக்குக் கைகொடுப்பதும் சபையின் அடிப்படை வாழ்வாகக் கருதப்பட்டன. பின்னர் 1986இலும், அதைத் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கூடிய மேய்ப்புப்பணி மாநாடுகள் அந்தத் தேர்வை மறுபடி மறுபடி எடைபோட்டன. எண்ணிக்கையைப் பெருக்குவது இலக்கு என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனாலும் புதிதாகக் குடிவந்த குடும்பத்தை முதல் வாரத்திலேயே அறியும் ஓர் அமைப்பு, உறுப்பினர் வளர்ச்சிக்கு எந்தப் பெருங்கூட்டத்தையும்விட உறுதியான அடித்தளம்.

ஏனெனில் அந்த ஆண்டுகளில்தான் மக்கள் மீண்டும் நகர்ந்தனர். 1971இன் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டத்துக்குப் பின் சுங்கை வேயில் மின்னணு ஆலைகள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடி வந்து அறை எடுத்துத் தங்கினர். ஷிஃப்ட் வேலை ஞாயிறு காலை வழிபாட்டைக் குலைத்தது. 1980 முதல் 20 ஆண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் மாறியபோது ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் இருப்பிடமும் வேலையும் இழந்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. தோட்டத்துச் சிற்றாலயங்கள் மெலிய, நகரத்துச் சபைகள் நிரம்பின.

இங்கேதான் சபை வளர்ச்சியை ஆராய்ந்த டொனால்ட் மெக்காவ்ரன் உதவுகிறார். இந்தியாவின் தமோவில் பிறந்த இவர், சபை வளர்ச்சியைப் பிறப்பால் வருவது, இடமாற்றத்தால் வருவது, மனமாற்றத்தால் வருவது என்று மூன்றாகப் பிரித்தார். அவருடைய கருத்துகளில் ஏற்கத் தயங்குபவை எனக்கு உண்டு; குறிப்பாக, ஒரே குலத்தார் ஒன்றாகவே சபைக்கு வருவதை அவர் வலியுறுத்தியது சாதியை நாம் அறிந்த வகையில் ஆபத்தானது. ஆனால் இந்தப் பாகுபாடு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மிகவும் தேவை. தோட்டச் சபையிலிருந்து மாற்றுச் சான்றோடு வந்த குடும்பத்தை நகரச் சபை புதிய உறுப்பினராக எழுதுகிறது. சான்று வாங்காமல் வந்தவர் பழைய பதிவேட்டில் உறுப்பினராகவே நீடிக்கிறார். புதிய இடத்தில் எவர் கண்ணிலும் படுவதில்லை. நகரப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் குழு ஊழியம் செழிக்கிறது என்று மகிழும். தோட்டப் பதிவேட்டை மட்டும் பார்ப்பது சபை அழிகிறது என்று துயருறும்.

மொழி இதே சிக்கலின் மற்றொரு முகம். மெதடிஸ்த் அமைப்பில் ஆங்கிலச் சபைகள் திரித்துவ ஆண்டு மாநாட்டைச் சேர்ந்தவை. சுங்கை வே, சுபாங் இரண்டின் பெயரையும் தாங்கிய சபையும் அவ்வகையினது. தமிழ்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, பட்டப்படிப்புக்குப் பின் ஆங்கில வழிபாட்டுக்குப் போனால், ஒரு மாநாட்டின் கணக்கில் அது இழப்பு, இன்னொன்றின் கணக்கில் வளர்ச்சி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் கிறிஸ்தவர் 6 விழுக்காட்டினர். இவ்வளவு சிறிய சமூகத்தில் இந்த நகர்வுகளைத் தனித்தனியே எண்ணாமல் ஐந்தாண்டு இலக்கு குறிப்பது பயனற்றது. ஆண்டு அறிக்கையின் உறுப்பினர் பட்டியலில், வந்தவர் எங்கிருந்து வந்தார், போனவர் எங்கே போனார் என்ற இரு பத்திகள் சேர்க்கப்பட்டால், அடுத்து எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக் கூட்டம் தொடங்க வேண்டும் என்பதை ஆணைக்குழு அந்தப் பட்டியலைக் கொண்டே முடிவு செய்யலாம்.