வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டணும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்டுக்காக பென்சில்வேனியாவுல குப்பை கொட்டிக்கிட்டு இருந்தப்ப நடந்த விஷயம் இது. பக்கத்து சீட்டு அமெரிக்க நண்பர் ஒரு ஆகஸ்ட் மாச சனிக்கிழமை காலையில போன் பண்ணி, "ஒரு விவசாயியைப் பார்க்கப் போறேன், வர்றியா?"ன்னு கேட்டார். துணி துவைக்கிறதைத் தவிர எனக்கு வேற ஆணி எதுவும் இல்லை. கிளம்பிட்டேன்.

நண்பர் மான் வேட்டைக்காரர். வண்டியில துப்பாக்கி இருக்கும்னு எட்டிப் பார்த்தா, ஒரு டப்பா டோனட்தான் இருந்தது. நவம்பர் கடைசியில ஆரம்பிக்கிற துப்பாக்கி சீசனுக்கு இப்பவே அனுமதி கேட்கப் போறாராம். "அதான் லைசென்ஸ் வச்சிருக்கீங்களே?"ன்னேன். "லைசென்ஸ் கவர்மென்ட் குடுத்தது. நிலம் அவரோடதாச்சே"ன்னார்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயசு இருக்கும். டோனட்டை வாங்கி வச்சுட்டு கேள்வியா கேட்டார். எந்த வண்டியில வருவே? எங்கே நிறுத்துவே? கூட யாரு? மாடு மேயற பக்கம் போகக்கூடாது, வீட்டைப் பார்த்து சுடக்கூடாது. அப்புறம் முக்கியமான கண்டிஷன்: "பெரிய கொம்பு வச்ச மானுக்காக மட்டும் காத்துக்கிட்டு உட்காராதே. பெண் மானையும் சுடு. என் சோயாவை எல்லாம் அதுங்கதான் தின்னுது." கடைசியா என்னைப் பார்த்து, "இவரும் சுடுவாரா?" ஐயா, நான் கொசுவையே பேட் வச்சுதான் அடிப்பேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன் :-)

பத்து நிமிஷ பேச்சுதான். ஆனா அந்தப் பெரியவர் 'சரி'ன்னும் 'கூடாது'ன்னும் சொன்ன விதம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. இந்த உரிமை அவருக்கு எப்படி வந்ததுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க, உழுகிறவனுக்கு இது சும்மா கிடைக்கலைன்னு புரிஞ்சது.

கதை இங்கிலாந்துல ஆரம்பிக்குது. 1671-ல் ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. வருஷத்துக்கு 100 பவுண்ட் வருமானம் தர்ற சொந்த நிலம், இல்லைன்னா 150 பவுண்ட் தர்ற நீண்டகாலக் குத்தகை, அதுவும் இல்லைன்னா பெரிய குடும்பத்து வாரிசு. இவங்கதான் முயலையும் கவுதாரியையும் வேட்டையாடலாம். அந்தக் காலத்துல கவுண்ட்டி தேர்தல்ல ஓட்டுப் போட 2 பவுண்ட் வருமானம் தர்ற நிலம் இருந்தா போதும். ஒரு கவுதாரியைக் கொல்ல, ஓட்டுப் போடறதுக்குத் தேவையான சொத்தைப் போல ஐம்பது மடங்கு வேணும்னு பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞரே 18-ம் நூற்றாண்டுல இதைக் குத்திக் காட்டியிருக்கார்.

சாதாரண விவசாயி நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அவன் வயல்ல முயல் மேயும். அடிச்சா குற்றம். வீட்டுல வலையோ, வேட்டை நாயோ, துப்பாக்கியோ இருக்கான்னு ஜமீனோட வேட்டைக் காவலர் வாரண்ட்டோட வந்து சோதனை போடலாம். 1723-ல் வந்த 'கறுப்புச் சட்டம்' இன்னும் மோசம். முகத்துல கரி பூசிக்கிட்டு மான் வேட்டைக்குப் போனா தூக்கு! 1831-ல்தான் சொத்துத் தகுதி ஒழிஞ்சது. அப்பவும் குத்தகைப் பத்திரத்துல 'வேட்டை உரிமை எனக்கே'ன்னு நிலச்சுவான்தார் எழுதி வாங்கிக்கலாம். தன் பயிரைத் தின்கிற முயலைக் குத்தகைதாரர் கொல்லலாம், எந்தப் பத்திரமும் அந்த உரிமையைப் பறிக்க முடியாதுன்னு சட்டம் வந்தது 1880-ல். 1671-ல் இருந்து கணக்குப் போட்டா 209 வருஷம். ஒரு முயலுக்கு!

இந்த இங்கிலாந்துல இருந்து கிளம்பி வந்தவர்தான் வில்லியம் பென். பென்சில்வேனியாவை நிறுவினவர். 1683-ல் அவர் கொடுத்த ஆட்சி சாசனத்துல அப்படியே தலைகீழா ஒரு விதி. குடியேறினவங்க தங்கள் நிலத்துலயும், வேலி போடாத மற்ற எல்லா நிலத்துலயும் வேட்டையாடலாம். 1776-ல் பென்சில்வேனியா தனி மாநிலமாகி அரசியலமைப்பு எழுதினப்பவும் இதே உரிமையைச் சேர்த்தாங்க. அதாவது, 'கூடாது'ன்னு சொல்லணும்னா நிலத்துக்காரர் வேலி போடணும். வேலி இல்லைன்னா கதவைத் தட்ட வேண்டியதே இல்லை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது யாரோட வேட்டைக்காடு? லெனாப்பே பழங்குடி மக்களோடது. 1737-ல் பென்னோட பிள்ளைகள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒன்றரை நாள்ல ஒரு மனுஷன் நடக்கிற தூரம் வரைக்கும் நிலம் எங்களுக்குன்னாங்க. வேகமா நடக்கிற ஆளுங்களைக் கூலிக்குப் பிடிச்சு, முன்கூட்டியே பாதை வெட்டி வச்சு, சுமார் 12 லட்சம் ஏக்கரை வளைச்சுட்டாங்க. லெனாப்பேகாரங்க கதவை யாரும் தட்டலை.

தெற்கிலும் இதே கதைதான். நிலத்துக்காரர் வராதேன்னு எச்சரிச்சும் ஒருத்தர் வேலி இல்லாத நிலத்துல வேட்டையாடினார். வழக்கு தென் கரோலினா நீதிமன்றத்துக்குப் போனது. 1818-ல் வேட்டைக்காரர் பக்கம்தான் தீர்ப்பு. ஆனா 1865-ல் உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமைகள் விடுதலையானதும் காற்று திசை மாறிடுச்சு. காட்டுல நாலு முயலும் ஆத்துல மீனும் கிடைச்சா, விடுதலையானவன் பழைய முதலாளிகிட்ட ஏன் கூலிக்குப் போகப் போறான்? வேலிச் சட்டம், அத்துமீறல் சட்டம் எல்லாம் ஒவ்வொரு மாநிலமா இறுக ஆரம்பிச்சது. மிசிசிப்பியில 1865-லேயே லைசென்ஸ் இல்லாம கறுப்பர்கள் துப்பாக்கி வச்சுக்கக்கூடாதுன்னு சட்டம். நிலத்துக்காரரோட 'கூடாது'க்கு இப்படி ஒரு முகமும் இருக்கு. எனக்கு இந்த இடத்துலதான் கொஞ்சம் உறைச்சது.

மறுபடி பென்சில்வேனியா. வரைமுறை இல்லாம சுட்டுத் தள்ளினதுல 1900 வாக்குல அங்கே மானே அருகிப் போச்சு. 1895-ல் வேட்டை ஆணையம் அமைச்சு, 1906-ல் இருந்து வெளி மாநில மான்களைக் கொண்டு வந்து விட்டாங்க. மான் பெருகினதும் விவசாயிக்குத் தலைவலி திரும்ப வந்தது. வேட்டைக்காரர் தேவை, ஆனா வந்தவர் வரப்புல தடுக்கி விழுந்துட்டு கேஸ் போட்டா? அதுக்காக 1966-ல் ஒரு சட்டம்: காசு வாங்காம உள்ளே விடற நிலத்துக்காரருக்குப் பொறுப்பு ரொம்பக் குறைவு.

2019 நவம்பர்ல ஊதாக் கலர் சட்டம் வந்தது. 'உள்ளே வராதே'ன்னு போர்டு மாட்டறதுக்குப் பதிலா மரத்துல ஊதாப் பட்டை அடிச்சா போதும். பட்டை 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம். தரையில இருந்து 3 அடிக்கு மேல, 5 அடிக்குள்ள இருக்கணும். ரெண்டு பட்டைக்கு நடுவுல 100 அடிக்கு மேல இடைவெளி கூடாது. போர்டைப் பிடுங்கிப் போடலாம், பெயின்ட்டை என்ன பண்றது! அந்தப் பெரியவர் தோட்டத்து ஓரத்துலயும் ஊதாப் பட்டை இருந்தது. ஏதோ மரம் வெட்டக் குறி போட்டிருக்காங்கன்னு நினைச்சேன் (நாம அவ்ளோ விவரம்).

இதெல்லாம் படிச்சப்ப எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான். அவர் கடலைக்காட்டுல காட்டுப்பன்னி இறங்கினா ஒரே ராத்திரியில கொல்லை காலி. பரண் கட்டி, டின்னைத் தட்டி, வெடி போட்டு விரட்டுவார். அவ்ளோதான் முடியும். நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தரவேண்டியது வனத்துறை. பட்டா தாத்தா பேர்ல இருந்தாலும் இந்த விஷயத்துல அவர் 'சரி'ன்னு சொல்லி ஒண்ணும் ஆகாது. அந்தச் சட்டம் தப்புன்னு சொல்ல வரலை, அது இல்லைன்னா பல மிருகங்களைப் படத்துலதான் பார்த்திருப்போம். ஆனா பயிர் போனவனைக் கதவைத் தட்டிக் கேட்க ஒருத்தர் வந்தா எப்படி இருக்கும்னு அந்த வீட்டு வாசல்ல நின்னப்பதான் பார்த்தேன்.

டிசம்பர்ல நண்பர் மறுபடி அந்த வீட்டுக்குப் போனார், கையில மான் கறிப் பொட்டலத்தோட. சீசன்தான் முடிஞ்சதே, அப்புறம் எதுக்குன்னு கேட்டேன். "அடுத்த வருஷமும் கதவைத் தட்டணுமே"ன்னார்.

உங்க ஊர்ல பன்னி, மயில், யானைன்னு வயல்ல இறங்கின கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.