மாங்கனிப் பருவமும் மூத்தோர் அடுக்களையும்

1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. வடஆர்க்காட்டினின்று சித்தூர், சந்திரகிரி, பலமனேர் வட்டங்களும், கடப்பையினின்று மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும், காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன்களும் ஒன்றாகக் கூட்டப்பெற்றன. அன்று தொட்டு இச்சீமையின் எல்லைக்கோடு ஓரிடத்தில் நின்றதில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனுட் சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கரின் பரிந்துரையைத் தழுவி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1950இல் திருத்தணியிற் பிறந்து, பிறந்த வீட்டிலேயே நரைத்த ஒருவர், வாசற்படியைத் தாண்டாமலே சென்னை, ஆந்திரம், மீண்டும் சென்னை, பின்னர்த் தமிழ்நாடு என மாநிலப் பெயர்களை மாற்றி மாற்றி எழுதியிருப்பார்.

இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் ஆண்டு தவறாமல் நம் அடுக்களைக்கு வந்துகொண்டிருப்பது மாம்பருவம். நம் மூத்தோர் வாழ்நாளை அளப்பதற்கு அரசாணைகளினும் இதுவே தக்க அளவுகோல் என்பது எம் கருத்து.

தை மாதத்தில் மரங்கள் பூத்து நிற்கும். மாசி, பங்குனியில் வடு இறங்கும். உப்பு நீரில் ஊறிச் சுருங்கிய மாவடு ஓர் ஆண்டு தாங்கும். இச்சீமைத் தமிழ்க் குடும்பங்களில் யுகாதிக்கு ஒருமுறையும் சித்திரை முதல் நாளில் மறுமுறையும் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடி உண்டு. இருமொழியாளர்க்கு இருமுறை புத்தாண்டு. அதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. சித்திரை, வைகாசியில் ஆவக்காய் போடுவர். முற்றிய காயை ஓட்டோடு பிளப்பதற்குக் கனத்த அரிவாள் வேண்டும். இளையோர் தோள் வேண்டும். ஆனால் கடுகுத்தூள் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்து கிளறுங்கால் எண்ணெய் போதுமா என்பவற்றைத் தீர்ப்பது வீட்டு மூதாட்டியார். வயது ஏற ஏற மூக்கின் கூர்மையும் நாவின் கூர்மையும் குறையும் என்று மருத்துவர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் உப்பின் அளவைக் கை அறியும். அறுபது ஆண்டு ஆவக்காய் போட்ட கைக்குத் தராசு எதற்கு?

மாங்கனிக்கும் முதுமைக்கும் உள்ள தொடர்பை எண்ணும்போது காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வருகின்றார். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார். பரமதத்தன் மனைக்கு அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் புனிதவதியார் சிவனடியாருக்கு அளித்தார். எஞ்சியதை உண்ட கணவன் மற்றதையும் கேட்க, இறைவனை நினைந்து கையில் ஒரு கனி பெற்று இலையில் இட்டார். இரண்டாவதன் சுவை முன்னதைப் போன்றதன்று என வணிகன் உடனே கண்டுகொண்டான். இக்கதை முழுவதும் சுவையறிந்த ஒரு நாவில் தொடங்குகிறது என்பதை உரையாசிரியர்கள் இன்னும் சிறிது வற்புறுத்தியிருக்கலாம். அஞ்சிய கணவன் பிரிந்து சென்று வேறு மணம் புரிந்தான். அம்மையாரோ அழகையும் தசையையும் உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். நாம் கண்ணாடி முன் நின்று வருந்தும் வாடலை அவர் வரமாகக் கேட்டார். இறைவன் வாயால் அம்மை என அழைக்கவும் பெற்றார். பின்னர் அவர் இறைவன் திருவடிக்கீழ்த் தங்கிய தலம் திருவாலங்காடு. கார்வேட்டிநகரம் ஜமீனைச் சார்ந்திருந்த அத்தலம் 1911 முதல் 1960 வரை நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கையில், இங்கு நம் மண்டிகளில் நீலம் பழம் கடைசி வண்டியாக வந்திறங்கும்.

அந்த மண்டிகளின் செய்திக்கு வருவோம். தாமலசெருவும் பங்காருபாளையமும் இன்று பெயர் பெற்ற மாம்பழச் சந்தைகள். அங்குக் குவிவதில் பெரும்பகுதி நாம் கிளிமூக்கு என்றும், தெலுங்கர் தோதாபுரி என்றும், சித்தூரார் கலெக்டர் என்றும் வழங்கும் இனம். மிகுதியாகக் காய்ப்பதும் பயணத்தைத் தாங்குவதும் அதன் சிறப்பு. ஆகவே கூழ் ஆலைகள் அதனையே விரும்பின, உழவரும் அதனையே நட்டனர். ஆலையை நம்பிய உழவர் நிலை எத்தகையது என்பது 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விளங்கிற்று. விலை சரிந்தது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் ஆக 12 ரூபாய் தருவதென ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. 2017இல் புவிசார் குறியீடு பெற்ற பங்கனப்பள்ளி வேறு ஊரின் பெயர் தாங்கியது எனினும் நம் உணவு மேசையில் அதற்கே முதலிடம்.

ஆனால் மூத்தோர் கேட்பது வேறு. கிணற்றடியில் நின்ற நாட்டு மரம், நாரும் சாறுமாய் இருந்த அதன் பழம், பல் போன வாய்க்கும் உறிஞ்சி உண்ண வாய்த்த பழம் எங்கே என்பர். இதனை வெறும் பழங்கதை ஏக்கம் எனத் தள்ளுதல் தவறு. நம் நாட்டு மாவினங்களில் கொட்டையிலிருந்து முளைப்பது தாய்மரத்தை ஒத்திராது. ஒவ்வொரு கன்றும் தனி இனம். நூறாண்டு நின்ற அம்மரம் வீழ்ந்தால் அதன் சுவையும் உடன் வீழ்ந்தது. கடையில் தேடிப் பெற இயலாது. அச்சுவையை அறிந்த நாவுகளும் குறைந்து வருகின்றன.

மூத்தோர் பலர்க்கு இன்று சர்க்கரை நோய் உண்டு. மாம்பழச் சதை நூறு கிராமில் ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை இருப்பதால், ஒரு கீற்றுக்கு மேல் தரலாகாதெனப் பிள்ளைகள் தடுப்பர். மருத்துவர் இசைந்த அளவை மீறச் சொல்ல நாம் துணியோம். எனினும் அந்த ஒரு கீற்று நல்லதாக இருக்கட்டும். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பதைச் சட்டம் விலக்கியுள்ளது. வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைத்ததைத் தேடித் தருக. மாங்காய்ப் பருப்பும் மாம்பழ மோர்க்குழம்பும் சமைக்கும் நாளில் உப்புப் பார்க்க அவர்களை அடுக்களைக்கு அழைக்க மறவாதீர்.

நம் சங்கத்து அன்பர் சிலர்க்குப் புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கங்களில் பழைய கொல்லைகள் இன்னும் உள்ளன. எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. அடுக்களையில் எஞ்சிய மாங்கொட்டைகளை ஆனி, ஆடியில் மண்ணிலிட்டால் சில வாரங்களில் செந்தளிர்க் கன்று எழும். அவ்விளந்தண்டைப் பிளந்து, பழைய மரத்தின் நுனிக் கிளையை ஆப்புப்போற் சீவிச் செருகி, நாடாவால் இறுகக் கட்டிவிடுதல் ஒட்டு கட்டுவோர் அறிந்த எளிய முறை. ஈரக்காற்று வீசும் அம்மாதங்களில் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கும். எந்த மரத்தின் கிளையை எடுப்பது என்பதை வீட்டுப் பெரியவரைக் கேட்டு, இந்த ஆடிக்குள் முடித்துவிடுக.