காற்றுக்குக் காத்திருந்த கடாரம்

பட்டினப்பாலை கூறும் காழகம் என்னும் நாட்டைக் கடாரம் என்று உரைகண்டார் நச்சினார்க்கினியர். அக்கடாரமே இன்றைய கெடா என்பது அறிஞர் பலர் துணிபு. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் அதன்மீது கடற்படை செலுத்திய வரலாற்றைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்குத் தவறாது சொல்லுவர். ஆயின், அந்நிலத்தைக் கலங்கள் ஏன் நாடி வந்தன என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. வாணிகப் பொருள்கள் ஒரு காரணம். காற்று மற்றொரு காரணம்.

செமிலிங்கில் நின்று வடமேற்கே நோக்கினால் ஜெராய் மலை தோன்றும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுடைய அம்மலை, தாழ்ந்த கடற்கரையில் தனித்து நிற்பதால் நெடுந்தொலைவிலிருந்தே மாலுமியர்க்குப் புலப்படும். இலங்கையின் தென்முனையும் நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கடல்வழியும் இம்மலையும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், வட அகலக்கோடு 6 பாகையை ஒட்டி அமைந்துள்ளன. ஆதலால் நேர்கிழக்கே வந்த கலம் முதலிற் காணும் பெருங்குறி ஜெராயே.

கலம் வந்து சேர்ந்தவுடன் மேலே செல்லுதல் இயலாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கலத்தை உந்தும். மலாக்கா நீரிணைவழித் தெற்கே செல்ல வடகிழக்குக் காற்று வேண்டும். அப்பாற் சீனம் செல்ல மீண்டும் தென்மேற்குக் காற்று வேண்டும். இதனை அனுபவத்தால் அறிந்தவர் சீனத் துறவி இட்சிங். 671இல் காண்டனிலிருந்து புறப்பட்ட அவர், கடாரம் வந்து, ஆண்டின் பன்னிரண்டாம் திங்களில் அங்கிருந்து கலமேறி, நிக்கோபார் வழியாக 673இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். திரும்பும் வழியைக் கூறுமிடத்து, கடாரத்தில் குளிர்காலம் வரை தங்கிப் பின்னரே தெற்கே செல்வது வழக்கம் என்று எழுதினார்.

திங்கள் கணக்கில் தங்குவோர்க்கு நன்னீரும் உணவும் பண்டகசாலையும் வேண்டும், வழிபடுமிடமும் வேண்டுமன்றோ? மெர்போக் ஆற்றுப் பக்கத்தில், புஜாங் பள்ளத்தாக்கில், 1936-37இல் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து கண்ட சைவ, பௌத்தச் சின்னங்களை இந்நோக்கில் காண்பது பொருந்தும். முன்பு கெடாவைச் சேர்ந்திருந்த செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்ட ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனுடையது. அது வேண்டுவது வெற்றியான பயணம் ஒன்றே. கடலின் நிலையை முன்னறிந்து கூறுவார் இல்லாத காலத்தில் மாலுமியின் துணை பழக்கமும் வேண்டுதலுமே.

இக்கரையில் தமிழர் காத்திருந்தது போன்றே அக்கரையிலும் கடாரத்தார் தங்கினர். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுப்பினர். அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அவன் மகன் படையெடுத்ததற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. படையெடுப்பை மட்டும் கற்பிப்போமாயின், அதற்கு முன்னும் பின்னும் நிலவிய நெடிய உறவு மறைந்துபோகும்.

இன்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை காற்றின் விரைவையும் அலையின் உயரத்தையும் முன்கூட்டியே அறிவிக்கின்றது. ஆயினும் தென்மேற்குப் பருவத்தில், விடியலுக்கு முன் திடீரென எழுந்து ஓரிரு மணியில் ஓயும் சூறையை இந்நாட்டார் இன்றும் 'சுமத்திரா' என்றே அழைக்கின்றனர். செமிலிங் வட்டாரத்துத் தமிழாசிரியர் கடாரப் பாடம் நடத்துங்கால், மாணவரை ஆற்றுத்துறைக்கு அழைத்துச் சென்று ஜெராயைக் காட்டி, காற்று வரும் திசையைக் கேட்பாராக. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்ற தமிழ் வணிகனும் நாள்தோறும் நோக்கியது அத்திசையையே.