இராணிக்கெட் நோய்த் தீநுண்மியின் ஓம்புயிர் வரம்பு: பெரம்பலூர் – அரியலூர் நிலப்பரப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மக்கள் வழக்கில் ‘வெள்ளைக்கழிச்சல்’ எனப்படும் இராணிக்கெட் நோய், முதலில் கோழிகளின் நோயாகவே பதிவாயிற்று. அதன் தீநுண்மி பறவையினங்கள் பலவற்றுக்கும் பொதுவானது என்னும் அறிவு படிப்படியாக உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வறிவு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு உணர்த்துவது யாது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இராணிக்கெட் நோய், தீநுண்மி, ஓம்புயிர் வரம்பு, கரைவெட்டி, புறக்கடைக் கோழி

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007-இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூர், மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டம். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வீட்டுக்கோழி, களத்துப் புறா, ஏரிக்கு வலசை வரும் நீர்ப்பறவை ஆகிய மூன்றும் அருகருகே வாழும் நிலப்பரப்பு இது. இம்மூன்றும் இத்தீநுண்மியின் வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் இடம்பெற்றன.

கோழியின் நோயாக அறியப்பட்ட காலம்

1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பகுதியிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. டாயில் 1927-இல் இதற்கு நியூகாசில் நோய் எனப் பெயரிட்டார். இந்தியாவில் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் தோன்றிய நோயை எட்வர்ட்ஸ் 1928-இல் விவரித்தார். ஒரே நோய் இடந்தோறும் வெவ்வேறு பெயர் பெற்றது. 1946-இல் முக்தேசரில் ஹேடோவும் இத்னானியும் இந்தியத் தீநுண்மியைக் கருமுட்டைகளில் தொடர்ந்து வளர்த்து, வீரியம் தணிந்த தடுப்பூசித் திரிபை உருவாக்கினர். ஆர்2பி எனப்படும் அத்திரிபு, வளர்ந்த கோழிகளுக்கு இடப்படுகிறது. இக்காலக் கட்டத்தின் கேள்வி, கோழியை எவ்வாறு காப்பது என்பதே. தீநுண்மி வேறெங்கு வாழ்கிறது என்பது பின்னரே முதன்மை பெற்றது.

வரம்பு விரிந்தமை

1980-களில் புறாக்களுக்குரிய திரிபு ஒன்று ஐரோப்பாவெங்கும் பரவியது. 1984-இல் பிரிட்டனில், புறாக்களின் எச்சம் கலந்த தீவனத்தின் வழியே அது கோழிகளை அடைந்தது. 1990-களின் தொடக்கத்தில் வட அமெரிக்க நீர்க்காகங்களிடையே பெரும் இறப்பை ஏற்படுத்தியதும் இத்தீநுண்மியின் திரிபே. காலெட்டா, பால்டாஃப் ஆகியோர் 1988-இல் தொகுத்த பட்டியலில், தொற்றுக்கு உள்ளாகும் பறவையினங்கள் 241 இடம்பெற்றன.

இவ்விரிவுக்குரிய காரணம் தீநுண்மியின் அமைப்பிலேயே உள்ளது. அது பற்றிக்கொள்ளும் சியாலிக் அமிலம் பறவைகளின் உயிரணுப் பரப்புகளில் பரவலாகக் காணப்படுவது. எனவே உட்புகுதல் பல இனங்களில் இயலும். நோயின் கடுமையைப் பெரிதும் முடிவுசெய்வது இணைவுப் புரதம் பிளவுறும் இடமாகும். சாதுவான திரிபுகளின் புரதத்தை மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள நொதிகளே பிளக்கின்றன. பிளவிடத்தில் கார அமினோ அமிலங்கள் கூடினால், உடலெங்கும் உள்ள ஃபியூரின் நொதி அதனைப் பிளக்கிறது. தொற்று உடல் முழுதும் பரவுகிறது. 1998 முதல் 2000 வரை ஆஸ்திரேலியாவில் கோழிகளைத் தாக்கிய தீவிரத் திரிபு, அந்நாட்டில் முன்பே இருந்த சாதுவான திரிபிலிருந்து இவ்விடத்து மாற்றத்தால் தோன்றியதென மரபணு ஒப்பீடு காட்டியது. நீர்ப்பறவைகள் பெரும்பாலும் நோயுறாமலே சாதுவான திரிபுகளைச் சுமப்பவை. ஆகவே ‘நோயில்லை’ என்பது ‘தீநுண்மியில்லை’ என்று பொருள்படாது.

இரு மாவட்டங்களின் நிலை

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துவது வழக்கம். கரைவெட்டியில் வலசைப் பறவைகள் தங்கும் பருவமும் அதுவே. கோழியைக் கால்நடைத் துறையும் நீர்ப்பறவையை வனத்துறையும் கவனிக்கின்றன. களத்தில் உலரும் மக்காச்சோளத்தைக் கோழியுடன் பகிர்ந்து உண்ணும் புறாவோ இரண்டுக்கும் இடையே நிற்கிறது. 1984-இன் பிரிட்டன் நிகழ்வு சுட்டுவது இவ்விடைவெளியையே.

கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்தும் இங்குக் கருதத்தக்கது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் பெருமளவில் மடிந்தவற்றுள் இவ்வினமும் ஒன்று. பறவைக் காய்ச்சல் தீநுண்மி வேறு குடும்பத்தது. எனினும் நீர்ப்பறவைக்கும் வளர்ப்புப் பறவைக்கும் இடையிலான எல்லை நிலையானதன்று என்பதை அதன் வரலாறும் மெய்ப்பிக்கிறது. அதனால் வலசைப் பறவையைக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. அன்று மடிந்தவை அப்பறவைகளே. தொற்று இருதிசையிலும் நிகழக்கூடியது.

முடிவுரை

ஓம்புயிர் வரம்பு என்பது தீநுண்மியின் இயல்பை மட்டுமன்றி, ஒவ்வொரு காலத்திலும் எப்பறவை ஆராயப்பட்டது என்பதையும் காட்டுகிறது. கோழி முதலில் அறியப்பட்டதற்குக் காரணம் அதன் இறப்பு உழவர் வீட்டின் இழப்பாயிருந்தமை. புறாவும் நீர்ப்பறவையும் பின்னரே கணக்கில் வந்தன. எனவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கோழி, புறா, நீர்ப்பறவை ஆகிய மூன்றின் மாதிரிகளும் ஒரே பருவத்தில் திரட்டப்பட்டு, மரபணு நிலையில் ஒப்பிடப்பட வேண்டும். அதுவரை, புறக்கடைக் கோழிக்கு இடப்படும் தடுப்பூசி நோயைத் தடுக்கும். நோய் வரும் வழியைக் காட்டாது.